பள்ளங்கி இறக்கத்தில் சிக்கிய செயின்

பட்டறைத் தம்பிகளே, சைக்கிள் உள்ளே வந்ததும் வராததுமாக அதை ஸ்டாண்டில் தூக்கி மாட்டிவிடுகிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் டீ குடிக்கிற சாக்கில் பட்டறைப் பக்கம் வந்து இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெடலைச் சுற்றுகிறீர்கள். கியரை ஏற்றி இறக்குகிறீர்கள். பின்சக்கரம் கோணாமல் ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் முகத்தில் ஒரு களை வந்துவிடுகிறது. சைக்கிளைக் கொண்டுவந்த ஆளை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவர் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இந்தப் பழக்கத்தால் ஒரு பெண் பீன்ஸ் தோட்டத்துப் பள்ளத்தில் போய் விழுந்திருப்பாள். அப்போது ஸ்டாண்டைச் சுற்றி நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால் இது உங்களுக்கு மட்டும் விழுகிற திட்டு இல்லை.

அப்போது கொடைக்கானலில் காதர் பாய் கடையில் நான் தலைமை மெக்கானிக்காக இருந்தேன். ஏரியைச் சுற்ற வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த கடையை, வெளியூர்க்காரர்களைக் கூட்டமாகக் கியர் சைக்கிளில் மலைச்சாலைகளுக்கு அழைத்துப்போகும் கடையாக மாற்றியவர் அவர். கூட்டத்துக்கு முன்னால் ஒரு வழிகாட்டி சைக்கிளில் போக வேண்டும். அவர் எங்கே பிரேக் பிடிக்கிறாரோ அங்கே எல்லோரும் பிடிப்பார்கள். கடைசியில் சாமான்களோடு ஜீப் வரும்.

அந்த வழிகாட்டிகளில் ஒருத்தி ஜெயராணி. மலையிலேயே பள்ளங்கி என்கிற ஊர்ப் பெண். வீட்டில் எல்லோரும் பூண்டும் பீன்ஸும் போடுகிறவர்கள். அவளுக்கு மண்ணில் குனிவது பிடிக்கவில்லை, சைக்கிள்தான் பிடித்தது. அதை வீட்டில் சொல்லிச் சண்டை போட்டுத்தான் கடைக்கு வந்தாள். சின்னச் சின்னப் பாதைகளில் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவளுக்கு, மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் ரோடு முழுவதையும் முன்னால் நின்று நடத்த முதல் வாய்ப்பு வந்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் சைக்கிள் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதல் தடவை பெருமாள்மலைக்குக் கிட்டே. இறக்கம் முடிந்து மிதிக்கத் தொடங்கியதும் செயின் சிக்கி, பின்னால் தொங்கும் கியர் கை அப்படியே சுருட்டிக்கொண்டு சக்கரத்தின் கம்பிகளை உரசியது. மெதுவாகப் போனதால் நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை வேகமாக வந்திருக்கிறாள். பின்சக்கரம் கட்டையாக நின்றுபோய், இழுத்துக்கொண்டு போய் ஒரு பாலத்தின் கைப்பிடிச்சுவரில் மோதியது. தோள்பட்டை உரிந்துபோயிற்று. அந்தச் சுவர் அங்கே இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடையில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

சைக்கிள் பட்டறைக்கு வந்தது. ஸ்டாண்டில் மாட்டினோம். கியர் கையைத் தாங்குகிற அலுமினியக் காது உள்பக்கமாக வளைந்திருந்தது. "இந்தா, கெடச்சிருச்சு" என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். நிமிர்த்தினோம். செயினைப் புதிதாகப் போட்டோம். கியர் வயரை மாற்றினோம். ஸ்டாண்டில் வெண்ணெய் மாதிரி ஓடியது. அடுத்த வாரமே மறுபடி சிக்கியது. காது மறுபடி வளைந்திருந்தது. மறுபடி நிமிர்த்தினோம்.

காது வளைந்ததால் செயின் சிக்கியதா, செயின் சிக்கியதால் காது வளைந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வளைந்த ஒரு சாமான் கிடைத்துவிட்டால் மெக்கானிக்கின் மூளை அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிடும். உடைந்ததைப் பார்த்தவுடன் வழக்கு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் அது அடிபட்ட ஆள்தான், அடித்த ஆள் இல்லை.

காதர் பாய் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துபோயிருந்தார். பழனி ரோட்டுப் பயணத்துக்கு முந்தின நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, மறுபடியும் ஒருக்கா நடந்துச்சுன்னா அவ அப்பன் முன்னாடி நான் எப்பிடிண்ணே போயி நிப்பேன்? முன்னாடி போறவ விழுந்தா பின்னாடி வர்றவன் அத்தன பேரும் அவ மேலதான வந்து விழுவான்?"

"வண்டியில கொற ஒண்ணும் தெரியலையே பாய்."

"அதேன் பயமா இருக்கு. வண்டி நல்லாருக்குன்னா ஓட்டுறதுலதான கொற? இன்னிக்கி ஒரு ட்ரையல் கூட்டிட்டுப் போங்க. சிக்குச்சுன்னா இனி அந்தப் புள்ளைக்கு ரோடு கெடையாது. புக்கிங்ல உக்காந்து ஹெல்மெட் எடுத்துக் குடுக்கட்டும்."

அவர் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் பட்டறைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜெயராணி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைத்துணி நின்றதை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்காதவள் போலத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தாள்.

வில்பட்டி வழியாகப் பள்ளங்கி ரோட்டில் போவது என்று முடிவு செய்தோம். அவள் தினமும் பஸ்ஸில் வருகிற ரோடு. கியர் சைக்கிள்களெல்லாம் மறுநாள் பயணத்துக்குத் துடைத்து வரிசையாக நின்றன. அதனால் எனக்குக் கிடைத்தது ஏரிக்கரையில் ஓடுகிற கியர் இல்லாத பழைய சைக்கிள். அவள் முன்னால், நான் பின்னால். வெள்ளனே கிளம்பியும் மஞ்சு மூடுபனியாக இறங்கிவிட்டது. ரோடு ஈரமாகக் கிடந்தது. குளிர் கையுறைக்குள்ளேயே புகுந்து விரலைக் கடித்தது.

வில்பட்டி வரைக்கும் ஒன்றும் இல்லை. சாதாரணமாக வழி முழுக்க ஏதாவது சொல்லிக்கொண்டே வருகிற பெண். அன்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு போனாள். பரீட்சை எழுதுகிறவளை முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை. நான் செயினை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் பிடித்துவிட வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

வில்பட்டி தாண்டி ஓர் ஏற்றம் வரும். பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களில், பட்டறையில் பல் என்கிறோமே, அதில் மிகப்பெரியதில் செயினைப் போட்டு அவள் நிதானமாக ஏறினாள். நான் பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். உச்சியில் எனக்காக நின்றாள். நான் ஏறி உட்கார்ந்ததும் கிளம்பினாள். அங்கிருந்து நல்ல இறக்கம். இடது பக்கம் படிப்படியாகப் பீன்ஸ் தோட்டம் ஆழத்துக்கு இறங்கும். கைப்பிடிச்சுவர் கிடையாது. இறக்கத்தின் கடைசியில் ஒரு கடும் வளைவு. வளைவைத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு. அந்த மேட்டைக் கடக்க எல்லோரும் வளைவிலேயே பெடலை ஓங்கி மிதிப்பார்கள்.

அந்த இறக்கத்தில்தான் அவள் கால்களைப் பார்த்தேன். பின்பக்கமாக மிதித்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அதைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலருக்கு இது விளங்காது. இந்த மலையில் சைக்கிள் பழகியவர்கள் எல்லோரும் இறக்கத்தில் காலைச் சும்மா வைக்க மாட்டார்கள். சும்மா வைத்தால் குளிரில் முழங்கால் விறைத்துப்போகும். அதனால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இறங்குவது பழக்கம். பழைய சைக்கிளில் அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். என் கால்களும் பின்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் உறைத்தது. அவளுடையது பழைய சைக்கிள் இல்லை. ஏற்றத்தில் போட்ட மிகப்பெரிய பல்லிலேயே செயின் இன்னும் இருக்கிறது. அந்தக் கோடியில் செயின் சாய்வாக ஓடும். முன்னால் மிதிக்கும்போது கியர் கை அதைப் பிடித்து வழிநடத்தும். பின்னால் மிதித்தால் அப்படிப் பிடித்துக் கொடுக்க ஒன்றுமில்லை. செயின் பெரிய பல்லிலிருந்து நழுவிப் பக்கத்துப் பற்களில் குறுக்காக ஏறி முறுக்கிக்கொள்ளும். இறக்கம் முழுக்க ஒன்றும் தெரியாது. திரும்ப முன்னால் ஓங்கி மிதிக்கும்போதுதான் அந்த முறுக்கு கியர் கையை இழுத்துக்கொண்டு போய்க் கம்பிகளுக்குள் செருகும். நாங்கள் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை பின்னால் சுற்றியிருக்கிறோம், எண்ணெய் விடுவதற்காக. ஆனால் எப்போதும் செயினை நடுப்பல்லில் வைத்துத்தான் சுற்றுவோம்.

அவள் சைக்கிளைப் பார்த்தேன். செயினின் அடிப்பக்கம் தொய்ந்து தொங்கி ஆடியது. நழுவிவிட்டது. வளைவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. வளைவில் அவள் முன்னால் மிதிப்பாள்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அந்த ஒரு நொடியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பின்னாலிருந்து ஒருவன் அலறினால் முன்னால் போகிறவர் என்ன செய்வார்? திரும்பிப் பார்ப்பார். அல்லது திடுக்கிட்டுப் பெடலில் எழுந்து நிற்பார். எழுந்து நிற்பது என்றால் முன்னால் அழுத்துவது. எது நடக்கக் கூடாதோ அதை என் குரலே நடத்திவிடும். அதுவும் காலையிலிருந்து பயந்துபோயிருக்கிற பெண். "ஐயோ" என்கிற தொனி என் வாயிலிருந்து வந்தால் போதும், முடிந்தது கதை.

பிரேக்கை விட்டுவிட்டேன்.

கியர் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் மிதித்து ஒருவரைப் பிடிக்க முடியாது. பிரேக்கை விட்டால்தான் பிடிக்கலாம். சைக்கிள் தலைதெறிக்க ஓடியது. கண்ணில் நீர் கொட்டியது. அவளுடைய இடது பக்கம் பள்ளம், அதனால் வலது பக்கம்தான் போக வேண்டும். எதிரே காய்கறி ஜீப் வந்தால் நேராக அதன் முகத்தில்தான் போய் ஒட்டுவேன். வளைவுக்கு அப்பால் மஞ்சில் எதுவும் தெரியவில்லை. பயந்தேனா என்றால், பயந்தேன். வாய் உலர்ந்துபோய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த நாக்கை வைத்துக்கொண்டுதான் சாதாரணமாகப் பேச வேண்டும்.

அவள் பக்கத்தில் வந்ததும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது மாதிரி பேசினேன்.

"ஜெயராணி, இன்னிக்கி மஞ்சு ஜாஸ்தி, என்ன?"

"ஆமாண்ணே. நீங்க என்ன இம்புட்டு வேகமா வாரீங்க?"

"ஒரு சோலி இருக்கு. இப்ப காலு ரெண்டையும் அப்பிடியே அசையாம வையி. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்."

அவள் கால்கள் நின்றன. முகம் வெளுத்தது. ஆனால் அவள் என் பக்கம் திரும்பவில்லை, பாதையையே பார்த்தாள்.

"பிரேக்க கொஞ்சங் கொஞ்சமா புடி. வெரசா வேணாம். மேட்டுக்கு மிதிக்கணும்னு தோணும். மிதிக்காத. இங்கயே நிப்பாட்டப் போறோம்."

"சரிண்ணே."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஏன் என்று கேட்காமல் ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு நாள் புரியும். வளைவின் தொடக்கத்தில், புல் ஓரத்தில், அவள் அழகாக நிறுத்தினாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. என் பழைய சைக்கிளின் ஈர ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போனது. செருப்பைத் தரையில் தேய்த்து, மேட்டில் ஏறி, மேலே போய் ஒரு புதருக்குள் நுழைந்துதான் நின்றேன். அவள் ஓடிவந்து தூக்கினாள். பேண்ட் கிழிந்திருந்தது. அதைப் பார்த்து இருவருக்கும் சிரிப்பு வந்தது.

திரும்பி நடந்து வந்து அவள் சைக்கிளைப் பார்த்தோம். செயின் இரண்டு பற்களுக்குக் குறுக்கே ஏறி முடிச்சு போட்டுக்கொண்டு கிடந்தது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் மெல்ல முன்னால் தள்ளிக் காட்டினேன். கியர் கை அப்படியே மேலே எழுந்து கம்பிகளுக்குள் மூக்கை நுழைத்தது. சக்கரம் நின்றது. அவள் வளைவைப் பார்த்தாள், வளைவுக்குக் கீழே பீன்ஸ் தோட்டத்தைப் பார்த்தாள், அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

காரணத்தைச் சொன்னேன்.

"அப்ப நாந்தேன் காரணமாண்ணே?"

"நீ மட்டுமில்ல. பல் பெருசு, செயின் சாய்வு, ஒன் காலு. மூணும் ஒண்ணாச் சேந்தாத்தான் சிக்கும்."

"பாய்க்கு அப்பிடியெல்லாம் புரியாதுண்ணே. காலுன்னு சொன்னா போதும், இன்னையோட என்னைய உக்கார வெச்சிருவாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செயின்ல கொறைன்னு சொல்லிருங்கண்ணே. நான் இனி சத்தியமா பின்னாடி மிதிக்க மாட்டேன்."

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஒரு பொய், அவள் வேலை தப்பிக்கும்.

"ரெண்டு வளைவுக்கு மிதிக்க மாட்டம்மா. அதுக்கப்புறம் முழங்கால் வெறைக்கும். ஒனக்கே தெரியாம காலு சுத்தும். செயின்ல கொறைன்னு சொன்னா, எல்லாரும் செயினத்தான் பாப்பாங்க. ஒன் காலப் பாக்க ஆளிருக்காது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கேரட் மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஒன்றில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு கொடைக்கானல் திரும்பினோம். வழியெல்லாம் அவள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். என் மேல் கோபம். நியாயமான கோபம்.

காதர் பாயிடம் முழுவதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. விடை கிடைத்துவிட்டதல்லவா.

"அப்ப நான் சொன்னது சரிதான? வண்டியில இல்ல. அந்தப் புள்ள ஓட்டுறதுல இருக்கு. அம்மா ஜெயராணி, தப்பா நெனைக்காத, நீ நாளையிலிருந்து புக்கிங்ல..."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "பாய், இறக்கத்துல பின்னாடி மிதிக்கிறவங்கள எல்லாம் உக்கார வெக்கணும்னா நாளைக்கு ரோட்டுக்குப் போக ஆள் இருக்காது. நானும் மிதிக்கிறேன். நீங்களும் மிதிக்கிறீங்க."

"நானா? நான் ஏன் மிதிக்கிறேன்? பொறந்ததுலேருந்து சைக்கிள் ஓட்டுறேன். எனக்குத் தெரியாதா?"

"ஓட்டிக் காட்டுங்க."

பட்டறை வாசலிலிருந்து ஏரி ரோட்டுக்கு ஓர் இறக்கம் உண்டு. ஜெயராணியின் சைக்கிளில் சிக்கை எடுத்து, செயினை நடுப்பல்லுக்கு மாற்றிவிட்டு அவர் கையில் கொடுத்தேன். பட்டறையில் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாய் வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்தார். "நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பெடலில் காலை அசையாமல் வைத்து இறங்கினார். கொஞ்ச தூரம் கால்கள் சிலை மாதிரி நின்றன. ஜெயராணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவர் அப்படியே கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் அவளுக்கு ரோடு இல்லை.

ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று ஒன்று வீசியது. பாய் தோளைக் குறுக்கிக்கொண்டார். கால்கள் மெல்ல, தாமாகவே, பின்னால் சுற்ற ஆரம்பித்தன.

"பாய்! காலு!" என்று பட்டறை மொத்தமும் கத்தியது.

குனிந்து பார்த்தார். பார்த்த பிறகும் அந்தக் கால்கள் ஒரு சுற்று சுற்றித்தான் நின்றன. கீழே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது, அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை ஜெயராணியிடம் கொடுக்கும்போது அவர் கை ஹேண்டில் பாரை உடனே விடவில்லை. அவள் தோளில் உரிந்து ஆறிக்கொண்டிருந்த காயத்தைப் பார்த்தார்.

"எங்க எல்லாருக்கும் வந்திருக்க வேண்டியதும்மா" என்றார். "முன்னாடி போறவ நீ, மேட்டுல நின்னு எங்களுக்காகக் காத்திருந்து அதே பெரிய பல்லுலயே எறங்குற, அதேன் ஒனக்கு வந்திருக்கு. நாளைக்கும் நீயே முன்னாடி போ. ஒவ்வொரு இறக்கத்துலயும் பின்னாடி வர்ற நாங்க ஒன் காலப் பாக்குறோம், கீழ நின்னு நீ எங்க காலப் பாரு."